சோறும் தண்ணீரும் போகும் வழி: சியரா மாட்ரே முற்றுகை, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் 17 அன்று, தென்சீனக் கடலின் இரண்டாம் தாமஸ் திட்டில், அங்கே தரைதட்டி நிற்கும் சியரா மாட்ரே என்ற பழைய கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோன பிலிப்பைன்ஸ் கடற்படையின் ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படையினர் கோடாரி, வெட்டுக்கத்தி, சுத்தியலுடன் வந்து சூழ்ந்துகொண்டார்கள். படகுகளின் காற்றறைகளைக் குத்திக் கிழித்தார்கள். பிரித்து உறையில் வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பிலிப்பைன்ஸ் கடற்படைச் சிறப்பு அணி வீரர் ஒருவருக்கு வலது கட்டைவிரல் போனது. ஒரு பக்கம் அணு ஆயுத வல்லரசு. மறுபக்கம் அமெரிக்காவோடு பாதுகாப்பு உடன்படிக்கை வைத்திருக்கும் நாடு. இருந்தும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. துப்பாக்கியை உறையிலேயே வைத்துக்கொண்டு போனது தற்செயல் இல்லை. இந்தக் கடலில் யாரும் முதலில் சுட மாட்டார்கள் என்ற கணக்கின் மேல்தான் இரு தரப்பின் உத்தியும் நிற்கிறது. அதனால்தான் படகின் மூழ்கு ஆழம், தண்ணீர் பீய்ச்சும் பம்ப், குடிநீர்க் கொள்கலன் போன்ற சில்லறைச் சமாச்சாரங்கள் இங்கே ஏவுகணையைவிடப் பெரிதாகிவிடுகின்றன.

கப்பலும் இடமும்

இரண்டாம் தாமஸ் திட்டைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆயுங்கின் என்பார்கள், சீனர்கள் ரென்ஐ என்பார்கள். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பவள வளையம் அது, நடுவே காயல். வற்றத்தில் பாறை தெரியும், ஏற்றத்தில் மூழ்கிவிடும். பலாவான் தீவிலிருந்து சுமார் 105 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 195 கிலோமீட்டர். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சீனா 1995இல் பிடித்து, பின்னர் மணல் கொட்டி விமான ஓடுதளமே போட்டுவிட்ட மிஸ்சீஃப் திட்டு இங்கிருந்து சுமார் 20 கடல் மைல்தான். தூரத்தை யார் எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பார்த்தே இந்தத் தகராறில் அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

மிஸ்சீஃப் கைவிட்டுப் போனதற்குப் பதிலடியாக, 1999இல் பிலிப்பைன்ஸ் கடற்படை தன் பழைய கப்பலான சியரா மாட்ரேயை இந்தத் திட்டின் மேல் வேண்டுமென்றே ஏற்றித் தரைதட்ட வைத்தது. 1944இல் அமெரிக்காவில் கட்டிய டாங்கி இறக்கும் கப்பல் அது. நீளம் 100 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வியட்நாம் போரில் மேகாங் ஆற்றில் வேலை செய்தது, 1970இல் தென் வியட்நாமுக்குக் கைமாறியது, சைகோன் வீழ்ந்தபோது தப்பி பிலிப்பைன்ஸ் வந்தது.

இந்த ரகக் கப்பலைத் தேர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. கடற்கரை மணலில் முட்டி நின்று, முன்கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கத்தான் இதைக் கட்டினார்கள். அடிப்பகுதி தட்டை. சுமையில்லாதபோது முன்பக்கம் தண்ணீருக்குள் இருப்பது முக்கால் மீட்டருக்கும் குறைவு, பின்பக்கம் சுமார் 2.3 மீட்டர். கூர்மையான அடிக்கட்டை கொண்ட போர்க்கப்பலை இப்படி ஏற்றினால் சாய்ந்து விழும். இது பலகை போல் உட்கார்ந்துவிடும்.

இந்த யோசனை மணிலாவில் முளைத்ததும் அல்ல. 1988 மார்ச் 14இல் ஜான்சன் தெற்குத் திட்டில் சீனப் படைகள் 64 வியட்நாமியரைக் கொன்ற நாளிலேயே, பக்கத்துக் காலின்ஸ் திட்டில் வியட்நாம் தன் எச்கியூ-505 கப்பலைத் தரைதட்ட வைத்தது. அதுவும் அமெரிக்கா கட்டிய அதே ரகம்தான். ஜான்சன் தெற்கு போனது, காலின்ஸ் இன்றுவரை வியட்நாமிடம். இன்னொரு ஒப்பீடும் உண்டு. 1999 நவம்பரில் ஸ்கார்பரோ திட்டிலும் பிலிப்பைன்ஸ் ஒரு கப்பலைத் தரைதட்ட வைத்தது. சீனா கடுமையாக எதிர்க்கவே அதை இழுத்து எடுத்துவிட்டார்கள். 2012இல் ஸ்கார்பரோ சீனாவின் பிடிக்குள் போய்விட்டது. இதைப் பார்த்த பிறகு சியரா மாட்ரேயை எடுக்க மணிலா ஒருபோதும் சம்மதிக்காது.

கப்பல் ஓட்டை உடைசல், ஆனால் ஏட்டில் அது இன்னும் பணியிலிருக்கும் கடற்படைக் கப்பல். அந்த ஒரு வரிப் பதிவுதான் அதற்கு இருக்கும் மிகத் தடிமனான கவசம். 1951 ஆகஸ்ட் 30இல் கையெழுத்தான அமெரிக்க-பிலிப்பைன்ஸ் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, பசிபிக்கில் ஒரு தரப்பின் படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள் மீதான ஆயுதத் தாக்குதலையும் உள்ளடக்குகிறது. தென்சீனக் கடலில் எங்கு நடந்தாலும், கடலோரக் காவல்படைக் கப்பல் என்றாலும் பொருந்தும் என்று 2023 மே மாத வழிகாட்டு நெறிகளில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். பட்டியலிலிருந்து கப்பலை நீக்கினால் அது வெறும் பழைய இரும்பு. நீக்காதவரை அதன் மேல் கைவைப்பது வாஷிங்டன் வரை போகும் விவகாரம்.

சட்டம் எதுவரை உதவுகிறது

பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12இல் ஹேக் நடுவர் மன்றம் தந்த தீர்ப்பு, இது வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டு, இதற்கென்று ஆட்சிக்கடல் எதுவும் கிடையாது, பிலிப்பைன்ஸின் தனிப்பொருளாதார மண்டலத்திலும் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, வளங்கள் அந்த நாட்டுக்கே உரிய கடல்பகுதி) கண்டத்திட்டிலும் அடங்கியது என்றது. பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். கப்பலைச் சுற்றி இரு தரப்புப் படைகளும் முறைத்துக்கொண்டு நிற்பது இராணுவ நடவடிக்கை. கடல் சட்ட உடன்படிக்கையின் 298ஆம் பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. ஆகவே அதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று அதே மன்றம் கைகழுவிவிட்டது. இடம் யாருடைய கடல் மண்டலத்தில் இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்தது. படகை மறிக்கலாமா என்ற, தினமும் எழும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. சீனாவோ தீர்ப்பையே ஏற்கவில்லை.

ஒரு வழங்கல் பயணம் எப்படி நடக்கிறது

கப்பலில் சிறிய கடற்படைக் காலாள் பிரிவு ஒன்று இருக்கிறது. சாப்பாடு, குடிநீர், எரிபொருள், மருந்து, மாற்று ஆட்கள் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2023 காலத்து ஏற்பாடு இதுதான்: கடற்படை வாடகைக்கு அமர்த்திய மரப் படகுகள் இரண்டு, பெரும்பாலும் உனைசா மே வரிசையைச் சேர்ந்தவை, காவலுக்குக் கடலோரக் காவல்படையின் 44 மீட்டர் ரோந்துக் கப்பல்கள் இரண்டு. இந்த ரோந்துக் கப்பல்கள் ஜப்பான் கொடுத்தவை. பலாவானின் மேற்குக் கரையிலிருந்து மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் கிளம்பினால் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் மாலையிலோ இரவிலோ புறப்பட்டு விடியலில் சேருவது வழக்கம்.

மரப் படகு ஏழ்மையால் வந்த தேர்வு மட்டுமில்லை. காயலுக்குள் நுழையும் வாய் குறுகலானது, ஆழம் கம்மி. ரோந்துக் கப்பல்கள் வெளியே நின்றுவிட வேண்டும். கடைசிக் கட்டத்தைச் சிறு படகுகள் தனியாகத்தான் கடக்க முடியும். 2014 மார்ச்சில் இதுவே பிலிப்பைன்ஸுக்குச் சாதகமானது. மார்ச் 9இல் சீனக் கப்பல்கள் இரண்டு படகுகளைத் திருப்பி அனுப்பின. கொஞ்ச நாள் விமானத்திலிருந்து பொட்டலம் போட்டார்கள். 29ஆம் தேதி, பத்திரிகையாளர்களை ஏற்றிய ஒரு படகு ஆழமில்லாத நீருக்குள் புகுந்து ஓட, பெரிய சீனக் கப்பல்கள் தரைதட்டப் பயந்து நின்றுவிட்டன.

அந்த ஓட்டை வெகுகாலம் திறந்திருக்கவில்லை. சீனா தன் மறிப்பை அடுக்கடுக்காக மாற்றியது. வெளிவட்டத்தில் பெரிய கடலோரக் காவல்படைக் கப்பல்கள், அடுத்ததில் மீன்பிடிப் படகு வேடத்தில் இருக்கும் கடல் மிலிஷியா என்ற துணைப்படை, உள்ளே வாய்க்கருகே வேகமான ரப்பர் படகுகள். ஆழமில்லாத நீர் இனி யாருக்கும் தனிச் சலுகை தரவில்லை.

மறிப்பின் கைவேலை இப்படி. முதல் வேலை, காவல் கப்பலையும் சரக்குப் படகையும் பிரிப்பது. காவல் கப்பலின் முன்னால் குறுக்கே வெட்டி அதை வேகம் குறைக்க வைப்பார்கள். 2023 ஏப்ரல் 23இல் செய்தியாளர்கள் கண்முன்னே ஒரு சீனக் கப்பல் மலாபாஸ்குவா ரோந்துக் கப்பலுக்குச் சுமார் 45 மீட்டர் வரை நெருங்கியது. பிப்ரவரி 6இல் மலாபாஸ்குவாவின் மாலுமிகள் மேல் பச்சை லேசர் அடித்திருந்தார்கள். காவலை இழந்து தனியாக மாட்டும் மரப் படகை இரு பக்கமும் நெருக்கி, அதன் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். கப்பலுக்குக் கப்பல் இந்தத் தாரை வெறும் தொல்லைதான். மரப் படகில் அப்படியில்லை: ஓட்டும் அறையின் கண்ணாடி நொறுங்கும், பலகை பெயரும், தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் நின்ற படகு அலையில் அலையும், அப்புறம் இழுத்துப் போக வேண்டியதுதான்.

2023 அக்டோபர் 22 நிகழ்வில் இந்த முறையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிந்தன. காலை 6:04க்கு, சியரா மாட்ரேயிலிருந்து 13.5 கடல் மைல் தள்ளி, சீனாவின் 5203 எண் கப்பல் உனைசா மே 2 படகின் முனையில் மோதியது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மிலிஷியாக் கப்பல் கப்ரா ரோந்துக் கப்பலின் இடப்பக்கத்தில் இடித்தது. ஆனால் எல்லாரும் உனைசா மே 2ஐச் சுற்றி நின்ற நேரத்தில் உனைசா மே 1 உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டது. இரண்டு படகு அனுப்புவதன் முழுப் பயனும் இதுதான். டிசம்பர் 10இலும் அதேதான்: கலயான் படகு எஞ்சின் செத்து இழுவையில் திரும்பியது, முப்படைத் தளபதி ரோமியோ பிராவ்னர் ஏறியிருந்த உனைசா மே 1 இடியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

2024இல் விலை ஏறியது. மார்ச் 5இல் உனைசா மே 4 மேல் இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் அடித்ததில் முன்கண்ணாடி உடைந்து நான்கு பேருக்குக் காயம். மார்ச் 23இல் அதே படகை மறுபடி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அடித்தார்கள். மூன்று பேருக்குக் காயம், படகு நாசம். சரக்கை ரப்பர் படகில் மாற்றித்தான் கரைசேர்த்தார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு படகு பழுது என்றால், வாடகைப் படகை வைத்து நடத்தும் ஏற்பாடு எத்தனை மாதம் தாங்கும்? சீனா எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கத் தேவையில்லை. பழுதுபார்க்கும் பட்டறையின் வேகத்தைத் தோற்கடித்தால் போதும்.

படம் பிடித்துப் போடும் உத்தி

2023 பிப்ரவரியிலிருந்து பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படை ஒவ்வொரு மோதலையும் படம் பிடித்து அன்றே வெளியிட்டது. செய்தித் தொடர்பாளர் ஜே டாரியேலா இதன் முகம். இதனால் உள்நாட்டில் ஆதரவு திரண்டது, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா வரை கண்டனமும் ஆதரவுச் சொற்களும் வந்தன. ஆனால் சீனக் கப்பல்களின் நடத்தை மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், படங்கள் பரவிய பதினாறு மாதங்களில் முரட்டுத்தனம் கூடத்தான் செய்தது. கேமரா நட்பு நாடுகளைச் சேர்க்கும். தண்ணீர்த் தாரையை நிறுத்தாது.

ஏவுகணைகளுக்கும் இதே நிலைதான். அமெரிக்கா 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு டைஃபான் ஏவுகணை அமைப்பைக் கொண்டுவந்தது. அதே மாதம் இந்தியாவின் பிரமோஸ் முதல் தொகுதி பிலிப்பைன்ஸில் இறங்கியது. போர் மூண்டால் இவற்றுக்கு மதிப்பு பெரிது. மரப் படகின் கண்ணாடியை உடைக்கும் பம்புக்கு எதிராக பிரமோஸால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜூன் 17: எங்கே பிசகியது

மே 31இல் சிங்கப்பூர் ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாட்டில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ஒரு கோடு போட்டார்: வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக அருகில் வந்துவிடும் என்றார். ஜூன் 15இல் சீனாவின் புதிய விதி அமலுக்கு வந்தது: அத்துமீறும் வெளிநாட்டவரைக் கடலோரக் காவல்படை 30 நாள், சிக்கலான வழக்கில் 60 நாள் வரை பிடித்து வைக்கலாம். இரண்டு நாள் கழித்து ஜூன் 17.

அன்று வழக்கமான பெரிய அணிவகுப்பும் செய்தியாளர்களும் இல்லாமல், கடற்படை தன் ரப்பர் படகுகளை வைத்துக் காரியத்தை முடிக்கப் பார்த்தது. சத்தமில்லாமல் போனால் சத்தமில்லாமல் முடியும் என்ற கணக்கு. ஆனால் ரப்பர் படகுக்குச் சீனாவிடமும் ரப்பர் படகு இருந்தது, எண்ணிக்கையில் அதிகமாக. காயலுக்குள்ளேயே, சியரா மாட்ரேயின் ஓரத்திலேயே வளைத்துக்கொண்டார்கள். காற்றடைத்த படகு தண்ணீர் அடியைத் தாங்கும், ஆனால் கத்திக்குத்து ஒன்றே போதும்.

அதன் பிறகு மணிலாவே தடுமாறியது. ஜூன் 21இல் நிர்வாகச் செயலாளர் பெர்சமின், இது தவறான புரிதலோ விபத்தோவாக இருக்கலாம் என்றார். மூன்று நாள் கழித்துப் பாதுகாப்புச் செயலாளர் தியோடோரோ, இது திட்டமிட்ட செயல், விபத்து இல்லை என்று மறுத்தார். முரண்பாடு போலத் தெரிந்தாலும், இரண்டு குரலும் ஒரே சிக்கலைத்தான் சுற்றி வந்தன: ‘ஆயுதத் தாக்குதல்’ என்று பெயர் வைத்துவிட்டால் உடன்படிக்கையைக் கையிலெடுக்க வேண்டும், வைக்காவிட்டால் அடுத்த முறை கை போகலாம். கடைசியில் கோரிக்கை காசுக் கணக்கில் வந்து நின்றது: ஜூலையில் பிராவ்னர், துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுங்கள், சேதத்துக்கு 6 கோடி பெசோ கட்டுங்கள் என்றார்.

ஜூலை உடன்பாடும் அதன் இரண்டு வாசிப்பும்

ஜூலை 2இல் மணிலாவில் இரு தரப்பும் பேசின. ஜூலை 21இல், சியரா மாட்ரேவுக்கான வழங்கல் பயணங்கள் பற்றித் தற்காலிக உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வாசகம் வெளியாகவில்லை. மறுநாளே சீனா தன் விளக்கத்தைச் சொன்னது: கப்பலை இழுத்துச் செல்ல வேண்டும், அதுவரை அங்குள்ளவர்களுக்கு உணவும் நீரும் தேவைப்பட்டால் மனிதாபிமானத்தோடு அனுமதிப்போம், ஆனால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இடத்தில் சரிபார்ப்போம், கட்டுமானப் பொருள் கூடாது. முன்னறிவிப்பும் இல்லை, சோதனையும் இல்லை என்று பிலிப்பைன்ஸ் வெளியுறவுத்துறை அடித்துச் சொன்னது. ஜூலை 27இல் லாபு-லாபு என்ற சிவில் கப்பல், ஒரு காவல் கப்பல் துணையோடு போய், இடிபாடில்லாமல் சரக்கை இறக்கியது. சீனா, நாங்கள் முழுவதும் கண்காணித்தோம் என்றது.

இரண்டு கூற்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பதால் உடன்பாடு உடைந்துவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். எங்கள் கணிப்பு வேறு: வாசகத்தை மறைத்ததுதான் உடன்பாட்டைத் தாங்கும் தூண். சீனா தன் மக்களிடம் ‘அனுமதித்தோம்’ என்கிறது, பிலிப்பைன்ஸ் தன் மக்களிடம் ‘அனுமதி கேட்கவில்லை’ என்கிறது. நடுவில் அரிசி போய்ச் சேர்கிறது. வாசகத்தை வெளியிடச் சொல்லி எந்தப் பாராளுமன்றம் நெருக்கினாலும் அன்றே இது முடிந்துவிடும்.

சபினா: நகர முடிந்த கப்பலின் தோல்வி

அழுத்தம் குறையவில்லை, இடம்தான் மாறியது. பலாவானுக்கு இன்னும் அருகே, சுமார் 75 கடல் மைலில் இருக்கும் சபினா திட்டில், 2024 ஏப்ரலிலிருந்து பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான 97 மீட்டர் தெரேசா மக்பனுவா நங்கூரமிட்டிருந்தது. ஆகஸ்ட் 31இல் சீனாவின் 5205 எண் கப்பல் அதன் மேல் மோதியது. ஆனால் அதைத் துரத்தியது மோதல் இல்லை. வழங்கல் படகுகளை மறித்தார்கள். கப்பலில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பழுதானது. மாலுமிகள் மழைநீரையும் குளிர்சாதன இயந்திரத்தில் சொட்டும் நீரையும் பிடித்துக் குடித்தார்கள், கஞ்சி குடித்து நாளைத் தள்ளினார்கள். செப்டம்பர் 15இல் கப்பல் பலாவான் திரும்பியபோது சிலரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள்.

புதிய, வேகமான, நல்ல கப்பல் ஐந்து மாதத்தில் திரும்ப வேண்டியதாயிற்று. துருப்பிடித்த, ஓடவே முடியாத சியரா மாட்ரே இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. ஓட முடியாததுதான் காரணம். மக்பனுவா நகர முடியும் என்பதால் அதைப் பட்டினி போட்டுக் கிளப்ப முடிந்தது. சியரா மாட்ரேயில் பட்டினி போட்டால் ஆட்கள் சாவார்கள், அப்போது மார்க்கோஸ் போட்ட கோடு மிதிபடும்.

இன்னும் தீராதது

உணவுக்கு வழி பிறந்தது, இரும்புக்குப் பிறக்கவில்லை. உப்புக் காற்றில் கால் நூற்றாண்டு நின்ற கப்பலின் தகடுகள் அரித்து ஓட்டையாகிவிட்டன. சிமெண்ட், இரும்பு, வெல்டிங் சாமான்களைச் சிறு படகுகளில் கொண்டுபோய் உள்ளிருந்து பலப்படுத்துகிறார்கள் என்று 2015இலேயே செய்தி வந்தது. எவ்வளவு பலப்படுத்தியிருக்கிறார்கள் என்பது மணிலாவின் இரகசியம். சீனாவின் நிபந்தனைகளில் கட்டுமானப் பொருள் தனியாக இடம்பெற்றிருப்பதற்கும் இதுவே காரணம்: சோற்றை விட்டுவிட்டு, துருவிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கா தன் பங்குக்குப் பலாவானில் ஆயுங்கின் பணிப்படை என்ற சிறு குழுவை வைத்திருப்பது 2024 நவம்பரில் வெளியே வந்தது; வேலை, கண்காணிப்பும் தகவலும். அமெரிக்கக் கப்பல்களே காவலுக்கு வரட்டும் என்ற யோசனையை மணிலா ஏற்கவில்லை. அப்படி வந்தால் தண்ணீர் அடிக்கும் சீனக் கப்பல் முன்னால் அமெரிக்கக் கொடி நிற்கும். விலகினால் அமெரிக்காவுக்கு மானக்கேடு, விலகாவிட்டால் அடுத்த படி என்னவென்று எந்தத் தலைநகருக்கும் தெரியாது.

2025 ஆகஸ்ட் 11இல் ஸ்கார்பரோ அருகே ஒரு பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பலைத் துரத்திய சீனக் கடலோரக் காவல்படைக் கப்பல், குறுக்கே வந்த தன் கடற்படையின் நாசகாரிக் கப்பலிலேயே மோதி முன்பகுதி சிதைந்தது. இத்தனை ஆண்டும் மரப் படகுகளுக்கு நடந்தது அன்று இரும்புக்கு நடந்தது. அதே மாதம் 20ஆம் தேதி, சியரா மாட்ரேயைச் சுற்றிய சீன வேகப் படகுகளில் கனரகத் துப்பாக்கிகள் பொருத்தியிருந்ததைப் பிலிப்பைன்ஸ் படை படம் பிடித்தது. 2024 ஜூன் வரை அந்தப் படகுகளில் கத்தியும் கோடாரியும்தான் இருந்தன.